எந்த வருஷத்து விலையில் நம் உலை?

பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். இன்றைக்கு அடகுக்கு வரும் நகைக்கு 1986ஆம் வருஷத்துத் தங்க விலையைப் போட்டால், அன்றைக்கே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமோ 1995 முதல் இப்படித்தான் கணக்கு எழுதுகிறது.

அரசு விலை நிர்ணயித்து நெல் வாங்கிச் சேமிக்கிறது. அந்த விலையை 1986-88இன் சர்வதேச விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை 'மானியம்' என்கிறார்கள். வளரும் நாடுகளில் அது பயிரின் மொத்த மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். 1986-87இல் இங்கே நெல்லுக்கு அரசு விலை குவிண்டாலுக்கு 146 ரூபாய், 2024-25இல் 2,300. டீசல் ஏறலாம், உரம் ஏறலாம், ஒப்பிடுகிற விலை மட்டும் ஏறக் கூடாது. 2018-19இல் அரிசிக்கு இந்தியா வரம்பைத் தாண்டியது. அமெரிக்காக்காரன் தன் ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவுக் கூப்பன் 'பச்சைப் பெட்டி'யில் போகிறது. கொடுக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதற்கு வரம்பே கிடையாது!

2013இல் பாலியில் ஒரு 'சமாதானப் பிரிவு' கொடுத்தார்கள்: நிரந்தரத் தீர்வு வரும்வரை வழக்குப் போட மாட்டார்களாம். 2017க்குள் தீர்வு என்றார்கள். 2024இல் அபுதாபி மாநாடும் கலைந்தது, தீர்வு வரவில்லை. அந்தப் பிரிவும் 2013க்கு முன்பே இருந்த திட்டங்களுக்குத்தான். ஓர் ஆப்பிரிக்க நாடு புதிதாகத் தொடங்கினால் அதற்குக் காப்பு இல்லை.

தோழர்களே, டெல்லிக்காரர்கள் ஜெனீவாவில் 'விவசாயி, விவசாயி' என்கிறார்கள். நெல் விற்க நிலம் வேண்டுமே? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. கொள்முதல் பணம் நிலக்காரனுக்கு. நமக்கு அந்த நெல் ரேஷன் கடை வழியாகத்தான் வருகிறது. வீட்டில் அரிசி இருக்கிற நாளில்தான் நம்ம சனம் ஆண்டை சொல்லுகிற கூலிக்கு 'வரல' என்று சொல்ல முடிகிறது. இது எந்தப் பெட்டியிலும் ஏறாத கணக்கு.

அரிசிக்குப் பதில் பணம் கொடுத்தால் ஜெனீவாவில் சிக்கல் குறையும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். புதுச்சேரியில் 2015இல் அதைச் செய்தும் பார்த்தார்கள். 2024இல் மறுபடி அரிசிக்கே வந்தார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்: கணக்கில் விழுகிற பணம் கடன் பாக்கிக்கும் அபராதத்துக்கும் போய்விட எத்தனையோ வழி இருக்கிறது. அடுத்த மாநாட்டுக்குப் போகிறவர்கள் நிலக்காரனின் விலையோடு கூலிக்காரியின் ரேஷன் அட்டையையும் மேசையில் வைக்கட்டும். வைக்கச் சொல்லி இப்போதே கேட்போம்.