ஆட்டிசம் உள்ள பெரியவருக்கு உதவித்தொகை: யாருடைய வருமானத்தைப் பார்ப்பது?

ஆட்டிசம் உள்ள பிள்ளை பள்ளியை முடித்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு ‘இனி என்ன?’ என்ற கவலை தொடங்குகிறது. ஓகேயூ அட்டை இருந்தால் பணம் வந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. ஆனால் அட்டை வேறு, உதவித்தொகை வேறு.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டால் அட்டை கிடைக்கும். ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. அது கற்றல் குறைபாட்டுப் பிரிவில் சேர்கிறது. அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது. மாத உதவிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கேதான் வருமானம் பார்க்கப்படுகிறது.

வேலை செய்ய இயலாதவருக்கு ஓர் உதவி, குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு இன்னோர் உதவி. 2021 வரவு செலவுத் திட்டத்தில் முதலாவது 250 ரிங்கிட்டிலிருந்து 300க்கும், இரண்டாவது 400லிருந்து 450க்கும் உயர்ந்தன.

ஆட்டிசம் உள்ள பலர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். கை கால் நன்றாக இருக்கும், படிக்கவும் தெரியும். ஆனால் தொழிற்சாலை இரைச்சலும் திடீர் ஷிஃப்ட் மாற்றமும் தாங்காமல் சில மாதங்களில் வேலை போய்விடும். அவரை ‘இயலாதவர்’ என்று பாரத்தில் காட்டுவது எளிதல்ல.

அடுத்தது வருமானம். வேலை செய்ய இயலாதவருக்கான உதவியில் குடும்ப வருமானமே அளவுகோல். 18 வயதில் வாக்குரிமை பெற்றவர், உதவி கேட்கும்போது மட்டும் அப்பாவின் சம்பளத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறார். பணம் பரம ஏழைகளுக்கே முதலில் போக வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் சொந்தமாக ஒரு சென்னும் இல்லாத பெரியவர் ஆயுள் முழுக்கப் பெற்றோரை நம்பியே இருக்கும்படி இது செய்துவிடுகிறது.

வேலை செய்பவருக்கு வேறு ஆபத்து. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500லிருந்து 1,700 ரிங்கிட் ஆனது. சம்பளம் உயரும்போது உதவிக்கான வரம்பும் உயராவிட்டால், 200 ரிங்கிட் கூடியதற்காக முழு உதவித்தொகையையும் இழக்க நேரும்.

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. நோயின் பெயரோடு நிறுத்தாமல், அன்றாடம் எதைத் தனியாகச் செய்ய முடியவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதும்படி மருத்துவரிடம் கேட்கலாம். இழந்த வேலைகளைத் தேதியோடு குறித்து வைக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம். அப்பா ஓய்வுபெற்றால் குடும்ப வருமானம் குறையும். அப்போது மாவட்ட சமூகநல அலுவலகத்தில் மீண்டும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். விவரம் கேட்க தாலியான் காசே 15999 எண்ணும் உண்டு.

அரசாங்கம் மாற்ற வேண்டியதும் ஒன்று உண்டு: 18 வயதைத் தாண்டியவரின் தகுதியை அவருடைய சொந்த வருமானத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.