ஒரு சாண் தண்ணீர்

மாட்டுக்குப் புல் வேண்டும். புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஒரு சாண் போதும் என்று செய்து காட்டியிருக்கிறது ஒரு கிராமம். அதன் பெயர் லாபோரியா. ராஜஸ்தானில், ஜெய்ப்பூர் நகரிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே வருஷத்தில் ஏறக்குறைய மூன்று மாதம்தான் மழைக்காலம். சில வருஷங்களில் அந்த மழையும் ஏமாற்றிவிடும்.

ஊருக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் உண்டு. அதை அந்த மக்கள் 'கோசர்' என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று எழுதப்படுவது இதைப் போன்ற நிலம்தான்.

1970-களில் லாபோரியாவின் கோசர் கட்டாந்தரையாகக் கிடந்தது. குளங்கள் உடைந்து கிடந்தன. பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போனவர்கள் பலர்.

மழை பெய்தும் புல் இல்லை

மழையே இல்லாததால் புல் அழிந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர். வறண்ட சீமையிலும் வானம் இவ்வளவு கொடுக்கிறது. நிலம்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆடு மாடுகள் இடைவிடாமல் மேய்ந்தால் புல் வேரோடு போகிறது. குளம்படி பட்டு மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் விழுந்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் புல் விதையையும் வாரிக்கொண்டு போகிறது. அடுத்த வருஷம் முளைக்க விதையும் இல்லை, ஈரமும் இல்லை.

சௌக்கா

ஊர் இளைஞர் லட்சுமண் சிங் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு முதலில் உடைந்த குளத்தைச் செப்பனிட்டார். 'கிராம விகாஸ் நவயுவக் மண்டல்' என்ற சங்கம் உருவாயிற்று. தேவசாகர், பூல்சாகர், அன்னசாகர் என்ற மூன்று குளங்களுக்கும் உயிர் வந்தது. தெய்வம், பூ, சோறு என்று பெயரிலேயே பொருள் இருக்கிறது.

குளம் நிறைந்தால் மேய்ச்சல் நிலம் பிழைத்துவிடுமா? பிழைக்காது. குளத்துத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்கிறது. புல்லோ நிலம் முழுவதும் முளைக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்திலேயே ஆழமாகத் தண்ணீரைத் தேக்கினால், புல் மூழ்கி அழுகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு அந்த ஊர் கண்ட வழிதான் 'சௌக்கா'. சதுரக் கட்டம் என்று பொருள் கொள்ளலாம். மேய்ச்சல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆழமில்லாத குழிகளை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணையே மூன்று பக்கமும் வரப்பாகப் போடுகிறார்கள். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். அந்த வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

தண்ணீர் ஒன்பது அங்குலம், அதாவது ஒரு சாண் உயரம் வந்ததும், மிச்சம் அடுத்த கட்டத்துக்கு வழிந்துவிடும். அது நிறைந்தால் அதற்கடுத்த கட்டம். கடைசியில் எஞ்சியது குளத்துக்குப் போகும். கட்டங்களில் நின்ற தண்ணீர் மெல்ல மண்ணில் இறங்கும். ஈரம் தங்கிய இடத்தில் விதை முளைக்கும்.

இதற்குச் சிமெண்டும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். மண்வெட்டியும் கூடையும் போதும். சரிவு பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

புல் திரும்பியது. கிணறுகளில் நீர் ஏறியது. கறவை மாடுகள் பெருகி, பால் விற்ற காசு வீட்டுக்கு வந்தது. லட்சுமண் சிங்குக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வரப்பு மட்டும் போதாது

வரப்புப் போட்ட மறுநாளே மந்தையை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? முளைத்த புல் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். புல் வளர்ந்து விதை உதிரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை ஊரே போட்டு, ஊரே காக்க வேண்டும். உடைந்த வரப்பை ஒவ்வொரு மழைக்கு முன்பும் சரிபார்க்க வேண்டும். லாபோரியாவில் பெண்கள் மரங்களுக்கு ராக்கிக் கயிறு கட்டி, உடன்பிறந்தாராகப் பாவித்துக் காக்கிறார்கள். காவல்காரன் செய்ய முடியாததை அந்தக் கயிறு செய்கிறது.

தரிசு என்று சொல்லாதே

மேய்ச்சல் நிலத்துக்கு வறட்சியை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'அது வெறும் தரிசு' என்ற பேச்சுத்தான் அது. புல் இல்லாத நிலத்தைப் பார்த்து ஊர் தரிசு என்கிறது. தரிசு என்றதும் ஒருவர் வேலி போடுகிறார். இன்னொருவர் கட்டடம் கட்டுகிறார்.

நஷ்டம் யாருக்கு? சொந்த நிலம் உள்ளவர் தம் வயலில் தீவனம் விளைவித்துக்கொள்வார். இரண்டு ஆட்டை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிக்க வைக்கும் ஏழைத் தாய் எங்கே போவாள்? அவளுக்கு அந்தப் பொது நிலம்தான் சொத்து.

2011 ஜனவரி 28-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்ற வேண்டும், நிலத்தை ஊருக்கே மீட்டுத் தர வேண்டும் என்று எல்லா மாநில அரசுகளுக்கும் அது உத்தரவிட்டது. சட்டம் துணைக்கு இருக்கிறது. கேட்பதற்கு ஊர்தான் முன்வர வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இது புரியாத பாடமில்லை. காங்கேயம் பக்கத்து விவசாயிகள் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, வறண்ட பூமியில் கொறங்காடுகளைக் காத்து வந்திருக்கிறார்கள். சொந்த நிலத்தில் ஒரு குடும்பம் காட்டும் அந்த அக்கறையை, பொது நிலத்தில் ஓர் ஊர் காட்டக் கூடாதா?

ஒவ்வொரு கிராம சபையும் ஒரு கேள்வி கேட்கட்டும்: 'நம் ஊர் மேய்க்கால் எத்தனை ஏக்கர்? இன்று எங்கே இருக்கிறது?' நிலத்தை அளந்து கல் நடட்டும். மழைக்கு முன் வரப்புப் போடட்டும். அதன் பிறகு ஒரு சாண் தண்ணீர் தன் வேலையைச் செய்யும்.