பழைய டெலிவிஷன் பெட்டிகளும் சர்க்காரின் கடமையும்

சர்க்கார் பழைய பாதையை அடைத்துப் புதுப் பாதை போடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், பழைய பாதையோரம் குடியிருப்பவனுக்கு வழி ஏற்படுத்தித் தர வேண்டிய பொறுப்பு பாதையை அடைத்தவருடையதேயன்றி அவனுடையதன்று. டெலிவிஷன் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறிய விஷயத்திலும் நியாயம் இதுவே.

அமெரிக்க தேசத்தில் 2009-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதனால் காலியாகவிருந்த அலைவரிசைகளை முந்திய வருஷமே ஏலம் விட்டதில் சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. பழைய பெட்டியிலும் புது ஒளிபரப்பைக் காணச் செய்யும் கருவியை வாங்குவதற்கு, அந்த சர்க்கார் வீட்டுக்கு இரண்டு கூப்பன் வரை, கூப்பன் ஒன்றுக்கு 40 டாலர் வீதம் வழங்கிற்று. கூப்பன் நிதி போதாமல் ஜனங்கள் காத்திருக்க நேர்ந்தபோது, பிப்ரவரி 17 என்று குறித்திருந்த கெடுவையே தள்ளி வைத்தது. பொதுச் சொத்தை விற்றவர்கள் குடிகளின் நஷ்டத்தையும் எண்ணிப் பார்த்தார்கள்.

நம் தேசத்தில் 2011-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் கேபிள் ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டலாக வேண்டுமென்று விதித்தது. செட்-டாப் பாக்ஸின் செலவைப் பெரும்பாலும் சந்தாதாரரே சுமந்தனர். தமிழ்நாட்டிலோ, 2006 முதல் சர்க்கார் இலவசமாய் வழங்கிய கலர் டெலிவிஷன்கள் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்தன. செட்-டாப் பாக்ஸ் இல்லாவிடில் அவை கேபிளுக்குப் பயன்படாமற் போயிருக்கும். 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் தன் சந்தாதாரருக்கு அதனை விலையின்றி வழங்கத் தொடங்கியது. எக்கட்சியின் ஆட்சியில் நடந்ததாயினும் இது போற்றத்தக்க காரியமே. இதனைத் தர்மமென்று சொல்லலாகாது. குடிகளுக்குச் சேரவேண்டிய ஈடு என்பதே பொருந்தும்.

காரியம் இத்துடன் முடியவில்லை. பழைய பெட்டிக்குப் படமும் ஒலியும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையுடைய கம்பிகளின் வழியாகவே பெரும்பாலும் செல்கின்றன. லாபத்தைக் கருதி இவ்வழியை விட்டுவிட்ட பாக்ஸுகளை மாத்திரம் விற்பார்களாயின், நன்கு ஓடும் பெட்டிகள் குப்பைக்குப் போகும். அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், கண்டபடி வீசியெறிவது ஊருக்கும் கேடாகும். ஆகையால், பழைய இணைப்புள்ள பாக்ஸுகள் நியாயமான விலைக்குக் கிடைக்கச் சட்டம் செய்யவேண்டும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் இதனை வற்புறுத்துவார்களாக. ஏழை வீட்டுப் பெட்டி ஓடுகிற வரையில், அது பேசுவதற்கு வழி செய்வது ஆள்வோர் கடமை.