ஆய்வாளர் கைக்குக் கருவி முந்தி வரட்டும்

உலகச் சந்தையில் ஒரு புதிய ஒளியியற் கருவி விற்பனைக்கு வந்து, அதன் விலை இறங்கி, முகவர் மூலம் கொழும்பை அடைந்து, கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, ஈற்றில் நமது பல்கலைக் கழக ஆய்வுகூடத்திலே பெட்டி திறக்கப்படும்போது, அக்கருவியாற் கண்டறியத் தக்கவற்றிற் பெரும்பாலானவற்றைப் பிற நாட்டார் கண்டறிந்து முடித்திருப்பர். எஞ்சிய பருக்கையே நமக்கு! இதனைத் தலைவிதி என்று நாம் ஏற்றிருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக் கழகத்தில், இந்தியாவிற் பிறந்த மனு பிரகாஷ் என்பாரும் அவர்தம் குழுவினரும் கடதாசியை மடித்து ஒரு நுணுக்குக்காட்டி செய்தனர். ‘போல்ட்ஸ்கோப்’ என்பது அதன் பெயர். சிறு மணி போன்ற ஒரு வில்லை. உறுப்புகளின் விலை ஒரு டொலருக்கும் குறைவு. உருப்பெருக்கமோ 140 மடங்கு முதல் 2,000 மடங்கு வரை. 2014இல், அது கடைக்குச் செல்லுமுன்பே, பத்தாயிரம் கருவிகளை இலவசமாக வழங்கும் திட்டத்தை அவர்கள் அறிவித்தனர். கேட்பவர் கொடுக்க வேண்டியது பணமன்று. அக்கருவியைக் கொண்டு எதனை ஆராய்வோம் என்னும் விளக்கமே. பின்னர் இந்திய மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அக்குழுவினரோடு கூடி, கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் அக்கருவி கிடைக்க வழிசெய்தது.

இலங்கைக்கும் வெளிநாட்டார் கருவி தந்ததுண்டு. கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்துக்கு 1996இல் யப்பானிய அரசு வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயின் அது முற்றுப்பெற்ற கருவி. நாம் இன்று கேட்பது முற்றுப்பெறாத கருவியை!

காரணம் சொல்வோம். யாழ்ப்பாணத்து வெங்காயப் பாத்தியிலே தாள் முறுகிச் சுருளும் நோய் கண்ணுக்குத் தெரியும்போது, அந்நோய்க்குக் காரணமான பங்கசு முன்னமே வேலையைத் தொடங்கியிருக்கும். கண் காணாத அகச்சிவப்பு ஒளியில் இலையின் மாற்றத்தைப் பிரித்துக் காட்டும் கமராக்கள் இன்று உருவாகி வருகின்றன. அவற்றுட் சில, அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக் கழக விவசாய பீடத்தாரின் கைக்கு இப்போதே வருமாயின், நமது செம்மண்ணும் நமது வெயிலும் நமது வெங்காயமும் அக்கருவியின் அளவுகோலில் இடம்பெறும். பின்னர் வருமாயின், அயல்நாட்டுக் கோதுமை வயலுக்கென அளவிட்ட கருவியை வைத்துக்கொண்டு நமது விவசாயி தடுமாற வேண்டியதே.

அரைகுறைக் கருவி பழுதாகுமே என்பார் உளர். பழுதாகட்டும்! நமது ஈரக் காற்றில் வில்லையின் மேலேயே பங்கசு படர்வதுண்டு. பங்கசைப் பார்க்க வந்த கண்ணாடிக்கே அந்தக் கதி. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் இருப்பவர்க்கு இது எங்ஙனம் தெரியும்? குறையைக் கண்டு சொல்லும் ஆய்வாளர் இரவலரல்லர். செய்வோர்க்குச் சரிநிகர் பங்காளர்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூறுவோம். கருவியைத் தந்து வாயைக் கட்டும் ஒப்பந்தம் நமக்கு வேண்டா. கண்ட குறையை வெளியிடும் உரிமையும், நமது வயலிலே திரட்டிய அளவைகளின் உரிமையும் பல்கலைக் கழகத்திடமே இருத்தல் வேண்டும். கிராண்ட்பாசிலிருந்து நாம் எழுதும் இவ்வேண்டுகோள் அரசாங்கத்துக்கு மட்டுமன்று, பீடாதிபதிகளுக்குமாகும். கருவி செய்வோர்க்கு ஒரு கடிதம் எழுதக் கேள்விப்பத்திரம் தேவையில்லையே!