ஒரு போர்டாவது கையால் செய்யட்டும்

இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிவரும் மாணவர்களைப் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். போர்டு பளபளவென்று இருக்கும், விளக்கும் எரியும். இந்த ட்ராக் மட்டும் ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டால் பதில் வராது. மந்தமான பிள்ளைகள் இல்லை. தாமிரத் தகடு சுற்றாக மாறுவதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் எவரும் ஒரு போர்டையாவது கையால் செய்யாமல் வெளியே போகக்கூடாது என்பேன்.

அதற்கு வீட்டு உபயோக இங்க்ஜெட் பிரிண்டரே போதும். லேசர் டோனரை இஸ்திரிப்பெட்டியால் தாமிரத்தில் ஒட்டவைக்கும் முறை பலருக்குத் தெரியும். இங்க்ஜெட் மைக்கு அது ஆகாது. அதன் வழி வெளிச்சம். இங்க்ஜெட்டுக்கான ஓஎச்பி ஷீட்டில் படத்தை நெகட்டிவாக அச்சிட வேண்டும்: ட்ராக் தெளிவாக, மற்ற இடமெல்லாம் கறுப்பாக. தகட்டில் ஒளி உணரும் ட்ரை ஃபிலிம் ஒட்டி, ஷீட்டை வைத்துக் கண்ணாடியால் அழுத்திப் புற ஊதா விளக்கில் காட்டினால், வெளிச்சம் பட்ட ஃபிலிம் இறுகும். லிட்டருக்கு 10 கிராம் சலவை சோடா கலந்த தண்ணீரில் மீதி கரைந்துவிடும்.

பாடம் இருப்பது இதன் நுணுக்கத்தில். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை புற ஊதாவைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. சில சமயம் இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டிவரும். மை படிந்த பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஷீட்டின் கனத்துக்குள் வெளிச்சம் கசிந்து விளிம்பு மங்கும். அதனால்தான் மேல்பக்கத் தாமிரத்துக்கான படத்தை இடவலம் மாற்றி அச்சிடுகிறோம், அடிப்பக்கத்துக்கு மாற்றுவதில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்டால் இது மனதில் நிற்காது. ஐசியின் கால்கள் இடம் மாறிவந்த போர்டைக் கையில் பிடித்த பிள்ளைக்கு மறக்கவே மறக்காது.

தாமிரப் படலம் பெரும்பாலும் 35 மைக்ரான்தான். ஃபிலிம் கரைந்துபோன இடங்களில் அதை அரித்தெடுக்க, தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசல் உள்ள தட்டில் போடுகிறோம். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை. ஃபிலிமுக்கு அடியில் பக்கவாட்டிலும் புகும். நேரம் கடந்தால் மெல்லிய ட்ராக் அறுந்துபோகும். மென்பொருள் குறைந்தபட்ச அகலம் கேட்பதன் காரணம் அந்தத் தட்டில் தெரியும். வியன்னாவிலிருந்து லண்டன் போன பால் ஐஸ்லர் 1936 வாக்கில் ரேடியோவுக்காக அச்சுச் சுற்றை உருவாக்கியபோது தொடங்கியதுதான் தாமிரத்தை அரித்துச் சுற்றாக்கும் இந்த வழி.

சீனத் தொழிற்சாலைகள் சில டாலருக்கு ஐந்து போர்டு தருகின்றன, துளைக்குள் தாமிரம் பூசி, பச்சைப் பூச்சோடு. அந்தத் தரம் நம் கையில் வராது. விற்கும் பொருளுக்கு அங்கேயே அனுப்பலாம். காலையில் வரைந்ததை மாலையில் ஓடவிட்டு, பிழை கண்டு, மறுநாளே திருத்துவதற்குக் கையால் செய்வதுதான் வழி.

எதிர்த்துச் சொல்பவர்களின் ஒரு கவலை நியாயமானது: கழிவு. பயன்படுத்திய கரைசலில் தாமிரம் இருக்கிறது, அது மீன்களைக் கொல்லும். சாக்கடையில் ஊற்றவே கூடாது. சலவை சோடா சேர்த்து வண்டலாகப் படியவைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். தனி வீட்டில் இது சிரமம். ஆகவேதான் கல்லூரிகளைக் கேட்கிறேன்: ஒரு பிரிண்டர், ஒரு விளக்கு, நாலைந்து பிளாஸ்டிக் தட்டு, மூடியுள்ள கழிவுக் கேன். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுத்து, சனிக்கிழமையும் ஆய்வகத்தைத் திறந்துவைக்கட்டும்.