கால்கோளும் இனாகுரேஷனும்

நம்மவர் திறக்கும் புதுக்கடைகளுக்கும் புதிய அலுவலகங்களுக்கும் வரும் அழைப்பிதழ்கள் பல, தமிழில் அச்சிடப்பட்டும் 'இனாகுரேஷன்' என்னும் சொல்லையே தலைப்பில் தாங்குகின்றன. 'தொடக்க விழா' என்று போடலாகாதா எனக் கேட்டால், "அது பழம்பாணி, ஆங்கிலமே நாகரிகம்" என்பர். அந்த நாகரிகச் சொல்லின் பிறப்பைச் சற்றே ஆராய்வோம்.

அச்சொல் இலத்தீனத்தின் வழியே வந்தது. பண்டை உரோமில் 'ஆகூர்' எனப்பட்ட நிமித்திகர் இருந்தனர். பறவைகள் பறக்கும் திசையையும் எழுப்பும் குரலையும் நோக்கித் தேவர்களின் இசைவைக் கூறுதல் அவர்தம் பணி. அவ்வாறு குறி பார்த்து ஒருவரைப் பதவியில் அமர்த்துதலே அச்சொல்லின் பழம்பொருள். நாவலர் சிசரோவும் அந்நிமித்திகருள் ஒருவர். நிமித்தங்களை ஐயுற்று நூல் செய்தவரும் அவரே. பழமைக்கு அஞ்சி நம்மவர் தஞ்சம் புகுந்த சொல், ஈராயிரம் ஆண்டுப் புள் நிமித்தம்!

நிமித்தம் பார்த்தலை இழிவென்று கூறவில்லை. நம் முன்னோரும் புள் பார்த்தனர்; முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆயினும் தொடக்கத்தைத் தமிழர் 'கால்கோள்' என்றனர். கண்ணகிக்குக் கல் கொணரச் செங்குட்டுவன் வடதிசை புறப்படும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் 'கால்கோட் காதை' என்று பெயர். இன்றும் மணப்பந்தலுக்குக் கால் நட்ட பின்னரே பிற வேலை. மண்ணில் ஊன்றி நிற்கும் சொல் அது.

நம் நகரின் தொடக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். 1947 பிரிவினையில் வீடிழந்து, கல்யாண் இராணுவ முகாமில் தங்கிய சிந்தி மக்களுக்காக 1949-இல் எழுந்தது உல்லாஸ்நகர். அப்பெயரைச் சூட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. 'திண்ணை ரசாயனம்' எழுதி, அறிவியலையும் எளிய தமிழிற் கூறலாம் எனக் காட்டியவர் அவர். ரசாயனத்துக்கு இடங்கொடுத்த மொழி, கடைத் திறப்புக்கு இடங்கொடாதா?

ரயில், டிக்கெட், பைல் ஆகிய சொற்களை நானும் வழங்குகிறேன். நாள் முழுதும் ஆங்கிலத்திற் குறிப்பெழுதிப் பிழைப்பவன் நான். புதுப்பொருளோடு வந்த சொல்லை ஏற்பது வேறு. வீட்டிலுள்ள சொல்லை வெளியே துரத்துவது வேறு. அண்டைவீட்டு மராத்தியர் 'உத்காட்டன்' என்று அச்சிட நாணுவதில்லையே!

நம் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பற்றவர்கள். அவர்கள் கைக்கு எட்டும் தமிழ் அச்சு, திருமணப் பத்திரிகையும் விழா அழைப்பிதழுமே. அங்கும் தமிழை மறைத்தால், தொடங்குதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டென்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

அடுத்த அழைப்பிதழை அச்சகத்திற் கொடுக்குமுன் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுத் 'தொடக்க விழா' என்றெழுதுங்கள். அதுவே நல்ல கால்கோள்.