தப்புக்கு ஒரு ரெக்கோர்ட் வேணும்

யூடியூப்பில் "தப்பு" என்று தேடிப் பாருங்க. சமையலில் நீங்க செய்யும் தப்பு, பரீட்சையில் விடும் தப்பு என்றுதான் வரிசையா வரும். பொறுமையா கீழே இறங்கினா நம்ம தப்பும் வரும்: தேர் வீடியோவில் பாதி, மரண ஊர்வலத்தில் கால் நிமிஷம், 30 செக்கன் ஸ்டேட்டஸ். பாட்டும் பேச்சும் இல்லாம, தப்பு மட்டும், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் என்று எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் பார்த்தவற்றில் அடிக்கிறவரின் பெயர் போட்டது ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் தெல்தெனியவுக்கு மேலே ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த யாருக்கும் இந்தச் சத்தத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது தப்பு. சாமி தூக்கவும் தப்பு, சாவுக்கும் தப்பு, மாசியில் காமன் கூத்துக்கும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்துக்குள்ளே இருந்துகொண்டே, வெளியே நடக்கிறது கோயில் விஷயமா இழவு விஷயமா என்று எங்க பாட்டிமார் சொல்லிவிடுவாங்க. எங்களில் பாதிப்பேருக்கு அந்தக் காது இல்லை.

மலையகத்தில் யாரும் எதையும் சேகரிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. சேகரித்தார்கள், ஆனா சொல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் புத்தகமாக வந்தது. அது இல்லாவிட்டால் இன்றைக்குக் கம்பஸில் நாட்டார் பாடல் பற்றி அசைன்மென்ட் எழுதுற எங்க பாடு திண்டாட்டம்தான். பாட்டைத் தாளில் ஏற்றலாம். தப்பை எப்படி ஏற்றுவது? சொற்கட்டா எழுதினாலும், கனத்த குச்சி விழும்போது வயிற்றில் வந்து இடிக்கிற அடியும், மெல்லிய குச்சி சுள்ளென்று சுண்டுவதும், நெருப்பில் காய்ச்சினதால் ஏறின சுருதி மலைப் பனியில் மெல்ல மெல்ல இறங்குவதும் எழுத்தில் வராது. அதைக் கேட்கத்தான் வேணும்.

"சரி, மேளத்தை மட்டும் யார் உட்கார்ந்து கேப்பாங்க?" இந்தக் கேள்வியை எங்ககிட்ட நிறையப்பேர் கேட்டுட்டாங்க. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கிராமபோன் தட்டில் வந்தபோது அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கு, அவரை நேரில் பார்த்தே இராத ரசிகர்கள் இன்னும் இருக்காங்க. ஆக, தமிழ்க் காதுக்கு வாத்தியம் மட்டும் போதாது என்பது பொய். கோயிலுக்குள்ளே போன வாத்தியத்தை இசை என்கிறோம், வாசலோடு நின்றதைச் சத்தம் என்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பக்கத்துக் கிராமிய இசையிலிருந்து வளர்ந்த புளூகிராஸ் என்று ஒரு வகை இருக்கு. பேன்ஜோ, மேண்டலின், வயலின், கிட்டார். பட்டணத்துக்காரங்க "காட்டான் பாட்டு" என்று சிரித்த இசையின் வாரிசு அது. 1949 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் தன் குழுவோடு 'ஃபோகி மவுண்டன் பிரேக்டவுன்' என்ற பாட்டே இல்லாத ஒரு துண்டைப் பதிவு செய்தார். மூன்று நிமிஷம்கூட வராது. மூன்று விரலால் அவர் பேன்ஜோ வாசிக்கிற வேகம் பிடிபடாம, பழக ஆசைப்பட்ட பிள்ளைகள் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழலவிட்டு, எந்த விரல் எப்போ விழுது என்று கண்டுபிடிச்சாங்க. 1967இல் 'பொனி அண்ட் கிளைட்' படத்தில் அது வந்த பிறகு மலைக்கு வெளியிலும் அந்த வாத்தியத்துக்கு ஆள் சேர்ந்தது. எங்களுக்கு இதில் பிடிச்சது அந்தப் பாதி வேகம்தான். குருவே இல்லாத ஊரில் ஒரு தட்டு குருவா இருந்திருக்கு.

ஆனா அதே பேன்ஜோவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் மூலம் மேற்கு ஆபிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கு வந்த வாத்தியம். 1920களில் ரெக்கோர்ட் கம்பனிகள் கறுப்பர்களுக்கு ஒரு பட்டியல், வெள்ளைக்காரக் கிராமத்து ஆட்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. கறுப்பர்களிடம் கேட்டது பெரும்பாலும் புளூஸ் பாட்டு. அவர்களுடைய பேன்ஜோவும் வயலினும் கொஞ்சமாகத்தான் பதிவானது. விளைவு, பேன்ஜோ என்றாலே வெள்ளைக்காரருடையது என்று பிற்காலம் நம்பியது.

இதை ஏன் இழுக்கிறோம் என்றால், கம்பஸில் பறை பழகின எங்க சினேகிதர்கள் எல்லாரும் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் பழகினாங்க. குறை சொல்லவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறை அடிக்கிறதைப் பார்த்தா யாருக்கும் ரத்தம் சூடாகும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைச்சது எங்களுக்கும் சந்தோஷம். ஆனா பதிவு இருக்கிற அடிதான் பரவும். இன்னும் 20 வருஷத்தில் ரங்கலயிலும் அலங்காநல்லூர் அடியே கேட்டால், நம்ம அடி எப்படி இருந்தது என்று சொல்ல ஆளும் இருக்காது, ஒலியும் இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாம சொல்லணும். தப்பு யார் அடிக்கணும் என்று சாதி முடிவு செய்தது. சாவு வீட்டில் விடிய விடிய அடிச்சவருக்கு ஒரு போத்தலும் கொஞ்சக் காசும் கொடுத்து, தூரத்தில் நிற்கவைத்த தோட்டங்கள்தான் நம்முடையவை. அப்பா அடிச்சதை மகன் தொடமாட்டேன் என்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான் என்றால், அவன் போனது சரி. அவனைக் கூப்பிட்டு "கலையைக் காப்பாத்து" என்று பாடம் எடுக்க எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. நாங்கள் கேட்கிறது வேறு: அடிக்கத் தெரிஞ்சவர்கள், அவர்களுக்கு விருப்பம் இருந்தால், இழவு வீட்டில் இல்லாம பகலில், கதிரை போட்டு உட்காரவைத்து, பேசின காசைக் கையில் கொடுத்து பதிவு செய்யணும். பெயர் போடலாமா, எங்கே போடலாம், வேண்டாம் என்றால் எப்போது அழிக்கலாம் என்பதெல்லாம் அவர்தான் சொல்லணும். சாவு அடியைச் சாவு இல்லாத நாளில் அடிக்கமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடணும்.

செலவுக்குப் பயப்படத் தேவையில்லை, போன் போதும். ஆனா பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைஞ்சு கரகரக்கும். பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்க. வட்ஸ்அப் வொய்ஸ் வேண்டாம், அது பேச்சுக்கென்று செய்தது, தப்பை நசுக்கிவிடும். இரைச்சலைக் குறைக்கிற செட்டிங் இருந்தால் அணைச்சுடுங்க, அதுக்கு நம்ம தப்பே இரைச்சல்தான். ஒரு அடியை முழுசா ஒரு தடவை, பிறகு அதையே மெதுவா ஒரு தடவை. அடியின் பெயரையும் எந்தத் தோட்டத்து வழக்கம் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. காய்ச்சும்போதே பதிவை ஆரம்பிச்சுடுங்க. நெருப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தட்டித் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பவும் காட்டுவாங்களே, சுருதி எங்கே நிற்கணும் என்று அந்த ஐந்து நிமிஷத்தில்தான் தெரியும்.